விரிசல் வளர்கிறதா, நிற்கிறதா?

ஒரு கட்டடம் எதனால் கெடும் என்பதற்கான பட்டியல் ஒன்று, மண்டகப்பட்டுப் பாறையில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் உள்ள அந்தக் குடைவரையை எடுப்பித்தவன் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இல்லாமல் பிரமனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் இந்த இல்லம் ஆக்கப்பட்டது என்பது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டின் சாரம். பாடநூல்கள் இதை ஒரு மன்னனின் பெருமிதமாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. கட்டுமானப் பொறியாளர் படித்தால் அதில் வேறொன்றும் தெரியும். அழியக்கூடியவை எவை என்று அறிந்த ஒருவன் அவற்றை ஒவ்வொன்றாகக் கழித்திருக்கிறான். செங்கல் உப்பேறிப் பொரியும். மரத்தைச் செல் தின்னும். இரும்பு துருப்பிடித்து உப்பும். சுண்ணாம்புக் காரை மழையில் கரையும்.

பின்னால் வந்தவர்கள் அந்த நான்கையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். கருங்கல் அடித்தளத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து நிலை நிலையாக எழுப்பி, திறப்புகளுக்கு மேல் மர உத்தரம் போட்டு, உச்சியில் செப்புக் கலசம் நட்ட ராஜகோபுரத்தில் மகேந்திரன் விலக்கியவை எல்லாம் இருக்கின்றன. அவை இல்லாமல் அந்த உயரத்துக்குப் போவதும் எளிதல்ல. ஆகவே உயரத்துக்குக் கொடுத்த விலை என்று அந்த நான்கையும் சொல்லலாம். பழங்கட்டடங்களின் மாதிரி செய்து ஆராய்வதும், கருவி பொருத்திக் கண்காணிப்பதும் பெரும்பாலும் இந்த நான்கும் நீரும் நிலமும் சேர்ந்து செய்யும் வேலையைப் பின்தொடர்வதுதான்.

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையே இருக்கும் கூட்டேரிப்பட்டை, மயிலம் முருகன் கோயிலுக்கு இறங்கும் இடமாகத்தான் வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். அந்தச் சந்திப்பை நடுவாக வைத்து முப்பது கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால், தமிழ்நாட்டுக் கட்டடக் கலையின் ஏறக்குறைய எல்லா வகையும் அதற்குள் வந்துவிடும். மண்டகப்பட்டும் தளவானூரும் குடைவரைகள். பனமலைத் தாளகிரீசுவரர் கோயில், மலையுச்சியில் ராஜசிம்மப் பல்லவன் கல்லை அடுக்கிக் கட்டியது. எண்ணாயிரம், எசாலம், பிரம்மதேசம், திருவக்கரை என்று சோழர் காலக் கோயில்கள் வரிசையாக உண்டு. செஞ்சியில் மூன்று மலைகளை மதிலால் இணைத்த கோட்டை. மயிலத்தில் குன்றின் மேல் ஐந்து நிலைக் கோபுரம். இவை ஒவ்வொன்றும் கெடும் விதம் வேறு. ஆகவே அளக்கும் விதமும் வேறு.

விழுந்தவை சொல்லும் செய்தி

2010 மே 26 அன்று இரவு, ஸ்ரீகாளஹஸ்தியின் ராஜகோபுரம் சரிந்து விழுந்தது. கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய அது ஏறத்தாழ 41 மீட்டர் உயரம். அன்றைக்குப் புயலும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. கோபுரத்தில் விரிசல் ஏற்கெனவே இருந்தது; கடைசிச் சில நாட்களில் அது வேகமாக அகன்றது. அதைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்களை அப்புறப்படுத்தியதால் உயிர்ச்சேதம் இல்லை. கண்காணிப்பின் மிக எளிய வடிவம் அதுதான்: விரிசலைக் கண்ணால் பார்த்து, நேற்றைவிட இன்று பெரிது என்று உணர்வது. மனிதர்களைக் காப்பாற்ற அது போதுமாக இருந்தது, கோபுரத்தைக் காப்பாற்றப் போதவில்லை. அங்கே இப்போது நிற்பது 2017-இல் குடமுழுக்கு கண்ட புதிய கோபுரம்.

இதற்கு இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன், இத்தாலியின் பாவியா நகரில் நடந்தது கிட்டத்தட்ட இதே கதை. 1989 மார்ச் 17 அன்று, பேராலயத்தை ஒட்டி நின்ற இடைக்காலக் கோபுரம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கியது. நான்கு பேர் இறந்தனர். இடிபாடுகளை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தவர்கள் வந்த முடிவு பழங்கட்டடங்களைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியது. உள்ளும் புறமும் ஒழுங்கான செங்கல் முகம், நடுவே உடைகல்லும் காரையும் கொட்டி அடைத்த நிரப்பு என்று மூன்று அடுக்காக அமைந்த சுவர், நூற்றாண்டுக் கணக்கில் ஒரே சுமையைத் தாங்கிக்கொண்டிருந்தால் மெல்ல மெல்ல நசுங்குகிறது. சுமை கூடவே வேண்டியதில்லை, காலம் போதும். நுண்ணிய விரிசல்கள் சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் முகமும் நிரப்பும் பிரிந்துகொள்ள, அதன் பின் முடிவு விரைந்து வருகிறது.

இன்னும் பக்கத்தில், புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 1870-களின் தொடக்கத்திலிருந்து நின்ற, நகரமன்றமான மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று கனமழையில் இடிந்தது. பிறகு அதே வடிவில் புதிதாகக் கட்டப்பட்டது. கூட்டேரிப்பட்டிலிருந்து பேருந்தில் போய்ப் பார்த்து வரக்கூடிய அந்த நகலும் ஒருவகை மாதிரிதான், முழு அளவில் செய்த மாதிரி. ஆனால் பழைய கட்டடம் தன் சுவருக்குள் வைத்திருந்த தகவல் அதில் இல்லை.

கண்ணாடித் துண்டிலிருந்து மின்கருவி வரை

விரிசலின் அகலத்தைவிட அதன் நடமாட்டம் முக்கியம். விரலே நுழையும் விரிசல் முந்நூறு ஆண்டுகளாக அசையாமல் இருக்கலாம். அது கட்டி முடித்த புதிதில் அடித்தளம் அமர்ந்தபோது விழுந்த தழும்பு. மயிரிழை விரிசல் ஒன்று மாதந்தோறும் வளர்ந்துகொண்டிருக்கலாம். இரண்டையும் பிரித்தறியப் பழைய மேஸ்திரிகள் கையாண்ட வழி, விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதிவைப்பது. கண்ணாடி உடைந்தால் விரிசல் நகர்ந்திருக்கிறது. எவ்வளவு, எந்தப் பக்கம், எப்போது என்று கண்ணாடி சொல்லாது. அதற்கு அடுத்த படியாக வந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக நகரும் இரண்டு ஒளிபுகும் தகடுகள். ஒன்றில் மில்லிமீட்டர் கட்டம், மற்றதில் சிலுவைக் குறி. விரிசலின் இருபுறமும் பித்தளைக் குமிழ் பதித்து, இடைவெளியை மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு வரை அளக்கும் கருவியும் உண்டு. மின்கருவியாக இருந்தால் மணிக்கு ஒரு முறை தானே அளந்து பதிந்துகொள்ளும்.

அப்படிப் பதிவாகும் எண்கள் முதலில் குழப்பத்தைத்தான் தரும். வெயில் ஏறினால் சுவர் விரிந்து விரிசல் குறுகும், இரவில் திறக்கும். சித்திரையில் ஒன்று, மார்கழியில் ஒன்று. ஃப்ளாரன்ஸ் பேராலயத்தில் புரூனெல்லெஸ்கி கட்டிய குவிமாடத்தின் விரிசல்களை 1950-களிலிருந்து கையால் அளந்து வந்தார்கள். 1987-இல் 150-க்கும் மேற்பட்ட தானியங்கிக் கருவிகளைப் பொருத்தினார்கள். அந்தக் குவிமாடம் ஆண்டுக்கொரு முறை மூச்சுவிடுவதுபோல விரிசல்களைத் திறந்து மூடுகிறது என்பதும், அந்த மூச்சுக்கு அடியில் நூறாண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் நிலையான ஓர் அகலிப்பு நடக்கிறது என்பதும் அந்த நீண்ட பதிவிலிருந்துதான் தெரிந்தது. பருவத்தின் ஆட்டத்தைக் கழிக்காமல் வளர்ச்சியைப் பார்க்க முடியாது; அதற்குக் குறைந்தது ஒரு முழு ஆண்டின் பதிவு வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோரி, ஆடிக்குள் அறிக்கை, தைக்குள் வேலை என்று ஓடும் திருப்பணி நடைமுறைக்கு இந்தப் பொறுமை பெரும்பாலும் பொருந்துவதில்லை.

சாய்வை அளக்க ஸ்தபதியின் தூக்குக்குண்டே போதுமான கருவி. உச்சியிலிருந்து தொங்கவிட்ட குண்டு அடியில் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று குறித்துவைத்து ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால் கோபுரம் எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். சாய்வுமானி அதையே கோணத்தில், இடைவிடாமல் செய்கிறது.

வடிவத்தைப் பிடித்துவைத்தல்

கோபுரத்துக்குப் பெரும்பாலும் வரைபடம் கிடையாது. கட்டியவர்கள் மனத்திலும் கயிற்றிலும் இருந்த அளவு அவர்களோடு போயிற்று. ஆகவே எந்த மாதிரி செய்வதற்கும் முன் இருக்கும் வடிவத்தை இருக்கிறபடி எடுக்க வேண்டும். லேசர் ஸ்கேனர் நொடிக்கு லட்சக்கணக்கான புள்ளிகளின் இடத்தைக் குறித்துக்கொள்கிறது. அது எட்டாத மேல் நிலைகளை ட்ரோன் படமெடுக்கும். ஒன்றன்மேல் ஒன்று கவியும் நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து கணினி முப்பரிமாண வடிவத்தைக் கட்டியெடுக்கும். நேர் என்று நம்பப்படும் சுவர் வயிறு தள்ளியிருப்பதும், சதுரம் என்று நினைத்த தளம் சதுரமாக இல்லாததும் அப்போது தெரியவரும். இரண்டு, மூன்று ஆண்டு கழித்து மறுபடியும் அதே வேலையைச் செய்து இரண்டு வடிவங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், நகர்ந்த இடம் மட்டும் தனித்துத் தெரியும்.

இந்தக் கருவிகள் வருமுன்பே அந்த வேலையைக் கையால் செய்தவர்கள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலைக் கல் கல்லாக அளந்து பியேர் பிஷார் வெளியிட்ட நூல் 1995-இல் வந்தது; அதன் வரைபடங்கள் இன்றைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை. அவர் சார்ந்திருந்த தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியும், 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இருப்பது புதுச்சேரியில். பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படச் சேகரத்தில் தென்னிந்தியக் கோயில்களின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. சிற்பக்கலை, படிமக்கலை ஆய்வாளர்களுக்காகத் திரட்டியவை அவை. ஆனால் 1960-இல் எடுத்த படத்தில் இல்லாத விரிசல் இன்று இருந்தால், அந்தப் படம் ஓர் அளவுகோலாகிவிடும்.

தலைகீழ்ச் சங்கிலியும் கணினியும்

ஆய்வுக்காக மாதிரி செய்வது கணினிக்கு மிக முந்தியது. தொங்கும் சங்கிலி எந்த வளைவில் தொங்குகிறதோ, அதே வளைவைத் தலைகீழாக்கிக் கல்லில் கட்டினால் வளைவு நிற்கும் என்று ராபர்ட் ஹூக் 1675-இல் கண்டுசொன்னார். 1740-களில் ரோமில் புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தில் விரிசல்கள் கண்டு கலவரமானபோது, கணித அறிஞர் ஜொவான்னி பொலேனி இதையே செய்தார். குவிமாடத்தின் ஒரு கீற்றைப் பல துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் எடைக்கு ஏற்ற குண்டுகளை ஒரு நூலில் கோத்துத் தொங்கவிட்டு, நூலின் வளைவு குவிமாடச் சுவரின் தடிமனுக்குள் அடங்குகிறதா என்று பார்த்தார். அடங்கியது. குவிமாடம் விழாது, ஆனால் சுற்றிலும் இரும்பு வளையம் பூட்டுவது நல்லது என்றார், அப்படியே பூட்டினார்கள்.

ஒரு நூலும் சில குண்டுகளும் எப்படி அவ்வளவு பெரிய கட்டடத்துக்குச் சாட்சி சொல்ல முடியும் என்பதில்தான் இந்தத் துறையின் முக்கியமான உண்மை ஒன்று இருக்கிறது. அறுபது மீட்டர் உயரமுள்ள கருங்கல் தூண் ஒன்றின் அடியில், தூணின் சொந்த எடையால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழும் சுமை சுமார் 16 கிலோ. நல்ல கருங்கல் அதே பரப்பில் ஆயிரம் கிலோவுக்கு மேல் தாங்கும். ஆகவே கல் நசுங்கிக் கற்கோயில் விழுவது அரிது. கல் இடம் பெயர்ந்து, விசை செல்லும் பாதை கல்லை விட்டு வெளியே போனால்தான் அது விழும். இது முழுக்க வடிவத்தின் விஷயம். வடிவத்துக்குப் பெரிது சிறிது கிடையாது. பத்தில் ஒரு பங்கு அளவில் மரத்துண்டுகளை அடுக்கிச் செய்த மண்டபம் நின்றால், கல்லில் கட்டிய மண்டபமும் நிற்கும். கேம்பிரிட்ஜின் ஜாக் ஹேமன் 1960-களில் இந்த எண்ணத்தைக் கணித ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்.

செங்கல்லுக்கு வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. நாற்பது மீட்டர் உயரச் செங்கல் சுவரின் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ அளவுக்குச் சுமை விழும்; பழைய சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் தாங்குவது பத்து, இருபது, முப்பது கிலோ என்ற அளவில்தான். கோபுரம் மேலே போகப்போகக் குறுகுவதும் உள்ளே கூடாக இருப்பதும் சுமையைக் குறைக்கின்றன என்பது உண்மை. ஆனால் நடுவே வழிவிட்டு நிற்பதால் அந்தச் சுமை முழுவதும் வாயிலின் இரு பக்கத் தூண்சுவர்களில் போய்க் குவிகிறது. கல்லில் அறுபது மடங்குக்கும் மேல் இருந்த இடைவெளி செங்கல்லில் இரண்டு, மூன்று மடங்காகச் சுருங்கிவிடுகிறது. காரை கரைந்து, மர உத்தரம் மக்கி, மழைநீர் உள்ளே இறங்கினால் அதுவும் போய்விடும். மேலும் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்த செங்கல் மாதிரியின் அடியில் விழும் அழுத்தமும் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதால், அந்த மாதிரி எப்போதும் அசல் கட்டடத்தைவிடத் தைரியமாகவே நிற்கும். அதை நம்பக் கூடாது.

இருபதாம் நூற்றாண்டில் பிரின்ஸ்டனின் ராபர்ட் மார்க், ஐரோப்பியப் பேராலயங்களின் குறுக்குவெட்டை ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் செய்து, சூடாக்கிச் சுமையேற்றி, அப்படியே ஆறவிட்டு, முனைவாக்கிய ஒளியில் பார்த்தார். விசை மிகுந்த இடங்கள் வண்ணக் கோடுகளாகத் தெரிந்தன. காற்று அடிக்கும்போது எந்த மூலையில் கல்லுக்கு ஆகாத இழுவிசை வருகிறது என்று கண்ணால் காண முடிந்தது. கணினி மலிவானதும் அந்த அழகான முறை வழக்கொழிந்தது.

இப்போது கோபுரத்தை ஆயிரக்கணக்கான சிறு கட்டிகளாகக் கணினியில் பிரித்து, ஒவ்வொன்றும் பக்கத்துக் கட்டியோடு எப்படித் தள்ளுமுள்ளு நடத்துகிறது என்று கணக்கிடுகிறார்கள். படம் வண்ணமயமாக இருக்கும். பார்ப்பவர்கள் எளிதில் நம்பிவிடுவார்கள். ஆனால் காரையின் உறுதி என்ன, சுவருக்குள் நிரப்பு எவ்வளவு, எங்கே வெற்றிடம் என்று தெரியாமல் போட்ட எண் தவறாக இருந்தால், அந்த வண்ணமும் தவறுதான். அதனால் சுவரிலேயே கேட்க வேண்டியிருக்கிறது. நிலத்தை ஊடுருவும் ராடார் சுவருக்குள் இருக்கும் வெற்றிடத்தைக் காட்டும். ஒரு பக்கம் சுத்தியலால் தட்டி மறுபக்கம் ஒலி எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அளந்தால் உள்ளே கெட்டியா, பொருக்கா என்று தெரியும். காரை இணைப்பில் மெல்லிய வெட்டுப் போட்டுத் தட்டையான ஜாக்கியைச் செருகி, வெட்டால் குறுகிய இடைவெளி பழைய அளவுக்கு வரும்வரை அழுத்தினால், சுவர் அந்த இடத்தில் எவ்வளவு சுமை தாங்கிக்கொண்டிருந்தது என்பதே கிடைத்துவிடும். சிற்பமுள்ள சுவரில் இந்த வெட்டுக்கு அனுமதி கிடைப்பது கடினம், கிடைக்காமலிருப்பதும் நியாயமே.

எதையும் வெட்டாமல் செய்யக்கூடிய சோதனை, கோபுரத்தின் அதிர்வைக் கேட்பது. எந்தக் கோபுரமும் சும்மா நிற்பதில்லை. காற்றிலும், மணியோசையிலும், தெருவில் போகும் வண்டியிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஆடிக்கொண்டிருக்கிறது; தனக்கென்று ஒரு தாளத்தில், நொடிக்குச் சில முறை. நிலைக்கு நிலை முடுக்கமானியை வைத்துச் சில மணி நேரம் பதிந்தால் அந்தத் தாளத்தைப் பிரித்தெடுக்கலாம். கூட்டேரிப்பட்டு வழியாக இரவெல்லாம் ஓடும் லாரிகளின் இரைச்சல், ஊருக்குத் தொல்லையாக இருந்தாலும், இந்தச் சோதனைக்குச் செலவில்லாத உதவி. கணினி மாதிரி ஆடும் தாளமும் அசல் கோபுரத்தின் தாளமும் பொருந்தும்வரை மாதிரியின் எண்களைத் திருத்துவார்கள். பொருந்திய பிறகுதான் அந்த மாதிரியிடம் நிலநடுக்கம் வந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். பல ஆண்டுகள் கழித்துத் தாளம் மந்தமாகியிருந்தால், கட்டுமானம் எங்கோ தளர்ந்திருக்கிறது.

நிலநடுக்கம் பற்றிய கேள்வி இந்த வட்டாரத்துக்கு வெறும் கற்பனையல்ல. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் நிலம் நடுங்கியது. சென்னை வரை உணரப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் அருண் மேனனும் இத்தாலிய ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழ்நாட்டின் நிலநடுக்க வாய்ப்பை வரைபடமாக்கி 2010-இல் வெளியிட்டார்கள். கோபுரங்களும் தூண் மண்டபங்களும் அத்தகைய அதிர்வில் எப்படி நடந்துகொள்ளும் என்ற ஆய்வுகள் அதைத் தொடர்ந்தன. பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென ஒரு தேசிய மையமும் அந்த ஐ.ஐ.டி.யில் செயல்படுகிறது. இத்தாலியப் பக்கத்தில் இதில் பங்கேற்றது, கோபுரம் விழுந்த அதே பாவியா நகர்.

தூண் மண்டபத்தில் ஒரு வியப்பு உண்டு. காரையில்லாமல் கல்மேல் கல் வைத்த தூண் நிலநடுக்கத்தில் அடியோடு பெயராமல், இப்படியும் அப்படியும் தலையாட்டித் தாங்கும். 1960-இல் சிலி நாட்டில் நடந்த பெரும் நிலநடுக்கத்தில், விழும் என்று எதிர்பார்த்த ஒல்லியான தண்ணீர்த் தொட்டிகள் நின்றுவிட, உறுதியாகத் தோன்றிய மற்றவை சேதமடைந்தன. இதை ஆராய்ந்து 1963-இல் எழுதிய ஜார்ஜ் ஹவுஸ்னர், ஒரே விகிதமுள்ள இரண்டு தூண்களில் பெரிய தூணே அதிர்வில் பத்திரமானது என்று காட்டினார். அசையாத சுமைக்கு அளவு பொருட்டல்ல. ஆடும் சுமைக்குப் பொருட்டு. அதனால் சின்ன மாதிரியை அதிர்வு மேடையில் வைத்து ஆட்டி, அது விழுந்ததும் மண்டபமும் விழும் என்று முடிவுகட்டுவதும் பிழையாகலாம்.

கீழே இருப்பது

கூட்டேரிப்பட்டுக்கு மேற்கே நிலம் கடும்பாறை. செஞ்சியிலும் பனமலையிலும் கோயில்களும் மதில்களும் நேராகப் பாறைமேல் உட்கார்ந்திருக்கின்றன. கிழக்கே போகப்போகப் பாறை உள்ளே இறங்கி, மணற்கல்லும் களிமண்ணும் மேலே வந்துவிடும். திருவக்கரையில் கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள மரங்கள் கல்லாகிக் கிடப்பது அந்தப் படிவுகளில்தான். ஒரே ஸ்தபதி ஒரே அளவில் இரண்டு கோபுரம் கட்டி, ஒன்று பாறைமேலும் மற்றது களிமண்மேலும் நின்றால், இரண்டாவதன் ஆயுளை நீர்மட்டம் தீர்மானிக்கும். பைசா கோபுரத்தின் கதை அதுதான். 1990-இல் மூடப்பட்டு, சாயாத பக்கத்து அடிமண்ணைச் சிறிது சிறிதாகத் துளையிட்டு வெளியே எடுத்து, ஒவ்வொரு நாளும் சாய்வை அளந்து அளந்து, உச்சி ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் பின்னுக்கு வந்தபின் 2001-இல் திறக்கப்பட்டது. அளவீடு ஒரு நாள் தவறாகியிருந்தாலும் மருந்தே நஞ்சாகியிருக்கும் வேலை அது.

2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயல், மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. செஞ்சி போன்ற கோட்டைக்கு அத்தகைய மழை பீரங்கியைவிடப் பொல்லாதது. மதிலின் இரு முகமும் கல். நடுவே மண்ணும் சல்லியும். மேலே முளைத்த செடியின் வேர் கல் இணைப்பைத் திறந்துவைக்கும். திறந்த வழியே நீர் உள்ளே இறங்கும். ஊறிய மண் கல்முகத்தை வெளியே தள்ளும். மதில் முதலில் வயிறு தள்ளுகிறது, பிறகுதான் சரிகிறது. வயிறு தள்ளும் கட்டத்தை லேசர் அளவீட்டால் பிடித்துவிடலாம். பல கிலோமீட்டர் நீளும் மதிலுக்கெல்லாம் மின்கருவி பொருத்துவது நடவாது. மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை நடந்து பார்ப்பதும், ஐயமான இடங்களை மட்டும் அளப்பதும், வடிகால் துளைகளைத் தூர்வாருவதும் போதுமான தொடக்கம்.

குடைவரைக்கும் முழு விலக்கு இல்லை. மகேந்திரன் செங்கல்லையும் காரையையும் கழித்தான். பாறைக்குள் இயற்கையாகவே ஓடும் பிளவுகளை அவனால் கழிக்க முடியவில்லை. மேலே விழுந்த மழை அந்தப் பிளவு வழியே கசிந்து, உப்பைச் சுமந்து, சிற்பத்தின் முகத்தில் வெளிப்படும். அங்கே அளக்க வேண்டியது சாய்வையும் அதிர்வையும் விட ஈரத்தை. பாறையின் மேற்புறத்தில் மழைநீரைத் திருப்பிவிடும் ஒரு சிறு கால்வாய், விலைமிகுந்த பல கருவிகளைவிட அதிகம் செய்யும்.

வண்ணத்துக்கு முன்

பழங்கட்டடத்தைச் சரிசெய்வதற்கான சர்வதேசக் கொள்கைகளை 2003-இல் நினைவுச்சின்னங்களுக்கான சர்வதேச அமைப்பான இக்கோமாஸ் ஏற்றபோது, மருத்துவத்தின் சொற்களையே எடுத்துக்கொண்டது: முன்வரலாறு, நோயறிதல், சிகிச்சை, அதற்குப் பின் கண்காணிப்பு. தமிழ்நாட்டில் பழுது பார்ப்பதில் நேர்ந்த பெரும் பிழைகள் பலவும் இந்த வரிசையை மாற்றியதால் வந்தவை. சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் சுவர் மூச்சுவிடும் வழி அடைபடும். உள்ளே சிக்கிய ஈரம் செங்கல்லைப் பொரிக்கும். இளகிய பழஞ்சுவருக்கு நடுவே விறைத்த காங்கிரீட் வளையம் போட்டால், விசை அந்த வளையத்தைத் தேடிப் போய்ப் பக்கத்துச் சுவரைப் பிளக்கும். இரும்புக் கொக்கிகள் துருவேறிப் பல மடங்கு பருத்துக் கல்லையே உடைக்கும். இவை நல்லெண்ணத்தில் செய்யப்படுபவை என்பதுதான் சிக்கல்.

கோயில்களின் நிலையைப் பற்றித் தானே முன்வந்து எடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் 75 கட்டளைகள் பிறப்பித்தது. செஞ்சிக் கோட்டை 1921-இலிருந்து தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2025 ஜூலையில், மராட்டியர் இராணுவ நிலவமைப்பு என்ற தொகுப்பின் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மற்ற பதினொன்றும் மகாராட்டிரத்தில் இருப்பவை. பட்டியலில் சேர்ந்த இடத்தின் நிலை குறித்து ஆறாண்டுச் சுற்றில் அறிக்கை தர வேண்டும். ஒப்பிட முதல் அளவீடு ஒன்று கையில் இல்லாவிட்டால் அந்த அறிக்கை வெறும் வர்ணனையாக முடியும்.

அறநிலையத் துறையின் கீழுள்ள முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களுக்குத் தனித்தனியாக ஆய்வுக்கூடம் வைக்க முடியாது. ஆனால் அவற்றுக்கென்று ஏற்கெனவே ஒரு கண்காணிப்புச் சுற்று மரபிலேயே இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை குடமுழுக்கு. அதற்காகக் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டுகிறார்கள். சாதாரண நாளில் யாரும் எட்டாத ஐந்தாம் நிலையின் நாசிக்கும் உச்சிக் கலசத்துக்கும் பக்கத்தில் ஒரு மனிதர் போய் நிற்கும் வாய்ப்பு அப்போது மட்டும்தான் உண்டு. பாலாலயம் முடிந்து பழைய வண்ணத்தைச் சுரண்டியதும் விரிசல்கள் எல்லாம் வெளியே தெரிகின்றன. சில வாரங்களில் புட்டியும் புது வண்ணமும் ஏறி, அடுத்த பன்னிரண்டு ஆண்டுக்கு அவை மறைந்துவிடுகின்றன. சுரண்டிய நாளுக்கும் வண்ணம் பூசும் நாளுக்கும் இடையிலான அந்தச் சில வாரங்களில் விரிசல்களைப் படமெடுத்து, எண்ணிட்டு, குமிழ் பதித்து அளந்து, உத்தர மரத்தைத் தட்டிப் பார்த்து, தூக்குக்குண்டு விட்டுச் சாய்வைக் குறித்து, ஒரு கோப்பில் போட்டு வைத்தால், அடுத்த சாரம் கட்டும்போது ஒப்பிட எண்கள் இருக்கும்.